மூச்சு வாங்கும் அடியார்க்கு ஒரு விண்ணப்பம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

 

கார்த்திகை பிறந்துவிட்டால் நம் பக்கத்து ஊர்களின் சாலைகளெல்லாம் சோளசிங்கபுரத்தை நோக்கியே செல்லும். பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய திருக்கடிகை அன்றோ அது! ஒரு கடிகை, அதாவது 24 நிமிஷ நேரம், அத்தலத்தில் தங்கினாலே போதும், பேறு கைகூடும் என்பது பெரியோர் வார்த்தை. பதினோரு மாதம் யோகத்தில் எழுந்தருளியிருக்கும் நரஸிம்ஹன் கார்த்திகையில் திருக்கண் மலர்ந்தருள்கிறான் என்ற நம்பிக்கையோடு மக்கள் திரள் திரளாக வருகிறார்கள். பெரிய மலைக்குப் படிகள் 1305. எதிரே யோக ஆஞ்சநேயர் எழுந்தருளியுள்ள சின்ன மலைக்கு 406.

அந்தப் படிகளின் அடியிலே நின்று, ஏறிச் செல்வோரைப் பார்த்துக் கண் கலங்குவோரும் உண்டு. அவர்களுக்குக் காலில் வலு இருக்கும். நெஞ்சில் பக்தி இருக்கும். மூச்சு மட்டும் இராது. பத்துப் படி ஏறினால் மார்பு அடைக்கும், இருமல் எழும், உதடு வறளும். ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் தழும்பு நோய் என மருத்துவர்கள் பலவாறு பெயரிடுகிறார்கள். பெயர் எதுவாயினும் உடன் வரும் துயரம் ஒன்றே. “இனி நான் எதற்கும் உதவேன், எல்லோர்க்கும் பாரம்” என்னும் எண்ணமே அது. அந்த எண்ணத்தை நோக்கியே இன்று சில வார்த்தைகள் விண்ணப்பிக்கிறேன்.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இந்நோய் அந்நியமானதன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் தொழில் நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் பதனிட்ட தோலைத் தேய்த்து மெருகிடும் பொறியிலிருந்து பறக்கும் தூசியும், சாயம் தெளிக்கையில் எழும் ஆவியும் ஆண்டுக்கணக்கில் உள்ளே சென்றால் மார்பைக் கெடுக்கக் கூடியவை. குடியாத்தம் பக்கத்து வீடுகளில் பீடி சுற்றுகையில் எழும் புகையிலைத் தூளும், சமையற்கட்டின் விறகுப் புகையும் அத்தகையனவே. என்றோ வந்து குணமான காசநோய் விட்டுச் சென்ற தழும்பும் பின்னாளில் மூச்சை இறுக்கும். பீடியும் சிகரெட்டும் செய்யும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு நோயுற்றவரிடம் சென்று, “எல்லாம் பூர்வ ஜன்ம வினை” என்று சொல்வோர் உளர். அன்பர்களே, அந்த வார்த்தையால் அவருடைய மூச்சு ஓர் அணுவேனும் எளிதாகுமா? தம் வினையைத் தாமே எண்ணிப் பார்ப்பது வைராக்கியம். பிறர் வினையை அவர் படுக்கையருகே நின்று எண்ணுவது பாகவத அபசாரம்.

மூச்சின் அருமையை உலகம் அறிந்த ஒரு வரலாறு ஸ்ரீராமாயணத்தின் உத்தர காண்டத்தில் வருகிறது. குழந்தை ஆஞ்சநேயன் வஜ்ராயுதத்தால் அடிபட்டு விழ, தந்தையாகிய வாயு பகவான் துயரத்தால் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டான். மூவுலகும் திணறின. வேள்வி நின்றது, ஓதல் நின்றது. தேவர்கள் என்ன செய்தார்கள்? “நாங்கள் தேவர்கள், தாங்கிக் கொள்வோம்” என்று வாளா இருந்தார்களா? இல்லை. பிரமனிடம் ஓடினார்கள், அவனை முன்னிட்டுக்கொண்டு வாயுவிடம் சென்றார்கள். குழந்தை பிழைத்தது, காற்று மீண்டும் வீசியது. மூச்சு முட்டியபோது தேவர்களே துணை தேடிப் போனார்கள் என்றால், மானிடராகிய நாம் துணை கேட்பதில் வெட்கம் என்ன?

நம் ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலையும் இதுவே. “என் வலிமையால் ஆவது ஒன்றில்லை” என்று கை கூப்புவதன்றோ சரணாகதி! அப்படிச் சரணடைந்தவன், எம்பெருமான் அனுப்பும் கைகளைத் தட்டிவிடலாகாது. மருத்துவர் கை, மனைவியின் கை, மகனின் கை, அண்டை வீட்டார் கை ஆகிய அனைத்தும் அவன் அனுப்பியவையே. ஸ்ரீ விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் அவனுக்கு ப்ராணதன் என்று ஒரு திருநாமம். உயிர்மூச்சை அளிப்பவன் என்று பொருள். பேஷஜம் என்று ஒரு திருநாமம், மருந்தே அவன். பிஷக் என்று ஒரு திருநாமம், மருத்துவனும் அவனே. ஆகையால், “பெருமாளை நம்பிவிட்டேன், மருந்தை நிறுத்திவிட்டேன்” என்பது பக்தியாகாது. மருந்தும் அவனே என்று ஓதிவிட்டு அதனை விலக்குவது எங்ஙனம்?

உறிஞ்சு மருந்தாகிய இன்ஹேலரைப் பற்றி வீண் அச்சம் பலர்க்கு உண்டு. அது அடிமைப்படுத்தும் வஸ்துவன்று. மருந்து நேரே மூச்சுக்குழலுக்குச் செல்வதால் சிறு அளவே போதுமானது. ஸ்டீராய்டு கலந்ததாயின் உறிஞ்சிய பின் வாய் கொப்பளித்தல் வேண்டும். விரத நாளிலும் மருத்துவர் சொல்லாமல் அதனை நிறுத்தலாகாது. மூச்சு வாங்குகையில் பயம் பிறக்கிறது. பயத்தால் மூச்சு வேகமாகிறது. வேகத்தால் பழைய காற்று வெளியேறாமல் உள்ளேயே தங்கி, திணறல் இரட்டிக்கிறது. இந்தச் சுழலை உடைக்க ஓர் எளிய வழி உண்டு. மூக்கால் மெல்ல இழுத்து, சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து நீளமாக விடவேண்டும். விடும்போது மனத்துக்குள் நாராயண நாமத்தை நீட்டிச் சொல்லலாம். கும்பகம் முதலான கடும் பயிற்சிகளை மருத்துவரைக் கேளாமல் செய்யவேண்டா.

ஓய்ந்து கிடப்பதே நலம் என்பதும் தவறு. மருத்துவர் காட்டும் அளவில் நாள்தோறும் நடப்பவருக்குக் கால்கள் வலுப்பட்டு, அதே மூச்சுக்கு அதிக தூரம் செல்ல இயலுகிறது. ரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தவர்கள் நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் அதனைச் செலுத்திக்கொண்டால் ஆயுள் நீடிக்கிறது என்று 1980, 1981-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள் காட்டின. அக்கருவி அருகில் விளக்கோ கற்பூரமோ ஊதுவத்தியோ கூடாது. தீ விபத்து நேரும். ஸந்நிதியிலும் தூபப் புகையும் ஹோமப் புகையும் ஆகாதவர்கள் விலகி நிற்கலாம். தொலைவில் நின்று கண்ணால் பெற்றாலும் தீபாராதனை தீபாராதனையே.

உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் மூச்சு வாங்கினாலோ, புத்தி தடுமாறினாலோ சிறிதும் தாமதிக்கலாகாது. 108 என்றால் நமக்குத் திவ்யதேசங்கள் நினைவுக்கு வரும். அவ்வேளையில் அதே எண்ணைத் தொலைபேசியில் அழைக்கவேண்டும். 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகம் இன்று பெரிய மருத்துவக் கல்லூரியாக வேலூரிலேயே இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காப்பீடு பெற்ற தொழிலாளர்க்கு இ.எஸ்.ஐ. உண்டு, 1948-ஆம் ஆண்டின் அச்சட்டம் தொழில்வழி வரும் ஆஸ்துமாவையும் கணக்கில் கொண்டிருந்தது. உரியதைக் கேட்டுப் பெறுதல் யாசகமன்று.

இனி மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மன உறுதி என்றால் அழாமல் இருத்தல் என்று நினைக்கிறோம். நாராயண பட்டத்திரி வாத நோயோடு குருவாயூரப்பன் திருமுன்பு அமர்ந்து, 1586-ஆம் ஆண்டு நாராயணீயத்தை நிறைவு செய்தார். நூறு தசகங்கள் கொண்ட அந்நூலில் தசகம் முடியும்தோறும், பெரும்பாலும், தம் நோயைத் தீர்க்குமாறு வேண்டுகிறார். வலியை மறைக்கவில்லை, வலியோடே பாடினார். ஆகவே நோயுற்றவர் பெருமாளிடமும் அழலாம், வீட்டாரிடமும் அழலாம். அழுத பின் மறுநாள் மருந்தும் நடையும் நாமமும் தொடர்ந்தால் அதுவே உறுதி.

வீட்டார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்தார். தருமபுத்திரர் வந்து பரிதாபப்பட்டுவிட்டுப் போய்விடவில்லை. அருகில் அமர்ந்து கேள்வி கேட்டார். ஆறு கேள்விகளுக்கு விடையாகவே ஸஹஸ்ரநாமம் நமக்குக் கிடைத்தது. படுத்திருப்பவர் என்று அவரை ஒதுக்கியிருந்தால் அந்தச் செல்வத்தை உலகம் இழந்திருக்கும். உங்கள் இல்லத்தில் மூச்சு வாங்கி அமர்ந்திருக்கும் பெரியவரிடம் மாத்திரை உண்டீர்களா என்று மட்டும் கேளாதீர்கள். பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தரக் கேளுங்கள். பெருமாளுக்குப் பூ தொடுக்கக் கேளுங்கள். குடும்ப விஷயத்தில் அபிப்ராயம் கேளுங்கள். தேவைப்படுகிறோம் என்ற நினைவு பாதி மருந்து. அப்படியே, இரவு பகலாக உடனிருந்து பார்க்கும் மனைவிக்கும் மருமகளுக்கும் வாரத்தில் ஓரிரு பொழுதேனும் ஓய்வு தாருங்கள். அவர்கள் தளர்ந்தால் இருவர் தளர்வார்கள்.

கோஷ்டியில் ஒருவர் இருமினால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்கு அஞ்சியே ஸேவைக்கு வருவதை நிறுத்தியவர்கள் உண்டு. அவர்களை வீடு தேடிச் சென்று அழைத்து வந்து, காற்றோட்டமான இடத்தில் ஆசனம் இட்டு அமர்த்துவது நம் கடமை. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் நின்று எல்லோர்க்கும் திருமந்திரப் பொருளை வழங்கிய எம்பெருமானார் வழியில் வந்தவர்கள், எக்குலத்தவர், எம்மதத்தவர் என்று கேட்டா உதவுவது?

மலையேற இயலாதவர்களுக்கும் திருக்கடிகையில் ஒரு ரஹஸ்யம் இருக்கிறது. மூலவர் மலைமேல் யோகத்தில் இருக்க, உத்ஸவர் கீழே ஊருக்குள்ளேயே எழுந்தருளியிருக்கிறார். அவருடைய திருநாமம் பக்தவத்ஸலன். ஏற முடியாதவனுக்காக இறங்கி வந்தவன் என்று நாம் அநுஸந்திக்கலாம். 2024-ஆம் ஆண்டு முதல் கம்பிவட ஊர்தியும் பெரிய மலைக்குச் செல்கிறது. அதில் ஏறுவது பக்தியில் குறைவு ஆகுமோ என்று ஐயுறவேண்டா. படியை எண்ணி அருள்பவன் அல்லன் நம் பெருமான்.

காஞ்சியில் பேரருளாளனுக்குத் திருக்கச்சி நம்பிகள் செய்த கைங்கர்யம் எது? ஆலவட்டம் வீசுதல். மூச்சுத் திணறுவோர் முகத்தில் காற்றுப் படும்படி மெல்ல விசிறினால் அந்தத் தவிப்பு தணிகிறது என்று இக்கால மருத்துவமும் ஆராய்ந்து சொல்கிறது. உள்ளுறையும் அந்தர்யாமி நோயாளியின் உடலிலும் இருக்கிறான் அன்றோ! ஆகவே இம்மலரைப் படித்து வீடு திரும்புவோர், தமக்குத் தெரிந்த மூச்சு வாங்கும் ஒருவரிடம் இந்த வாரமே செல்லுங்கள். ஒரு நாழிகை அருகில் அமருங்கள். ஒரு விசிறியை எடுத்து வீசுங்கள். அதுவும் ஆலவட்டக் கைங்கர்யமே.

அனைவர்க்கும் நீண்ட ஆயுளும், நிறைந்த மூச்சும், நீங்காத் துணையும் அருளுமாறு அமிர்தவல்லித் தாயார் ஸமேத யோக நரஸிம்ஹன் திருவடிகளை ப்ரார்த்திக்கிறேன்.

சுபம்.