புத்தி சடம் என்றால் அறிவது எது?

எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலையமைப்பு நியாயம் கண்டு விடை தருகிறதா, பழகிய சேர்க்கையைத் திருப்பிச் சொல்கிறதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. 1943இல் மக்கலக்கும் பிட்சும் மூளையின் நரம்பணுவைத் தருக்க வாய்பாடாக எழுதிக் காட்டியபோது தருக்கமும் வலையமைப்பும் ஒன்றாகவே இருந்தன. பின்னர் வழி பிரிந்தது. 1956இல் நியூவெல், சைமன் ஆகியோரின் நிரல் குறியீடுகளையும் விதிகளையும் கையாண்டு கணிதத் தேற்றங்களை நிறுவியது. மற்ற வழியில் விதி எதுவும் எழுதிக் கொடுக்கப்படுவதில்லை. இணைப்புகளின் எடைகள் சிறிது சிறிதாக மாறி, விடை படிகிறது. இன்றைய மொழி மாதிரிகள் இந்த இரண்டாம் வழியில் வந்தவை.

இந்த வழியின் குறையை 1988இல் ஃபோடரும் பிலிஷினும் கூர்மையாக எடுத்துக்காட்டினர். முருகன் வள்ளியை விரும்பினான் என்பது விளங்கும் ஒருவருக்கு வள்ளி முருகனை விரும்பினாள் என்பதும் விளங்கும். பழக்கத்தால் மட்டும் கற்கும் அமைப்பில் அதற்கு உத்தரவாதம் இல்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு மொழி மாதிரிகளில் இதற்கு நெருங்கிய குறையைக் கண்டது: இன்னது இன்னது என்று ஒரு திசையில் பழகிய செய்தியை மறு திசையில் கேட்டால் அவை தடுமாறின.

கொழும்பில் சைவ பாடம் கற்பிப்போருக்கு இது தெரிந்த நோய். 1902இல் தொடங்கப்பட்டுக் கொட்டாஞ்சேனையில் இயங்கும் விவேகானந்த சபை, சைவ சமய பாடப் பரீட்சையை நாடளாவ நடத்திவருகிறது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லால் புதுப்பித்தவர் யார் என்றால், சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்று பிள்ளை எழுதிவிடும். இராமநாதன் புதுப்பித்த கோயில் எது என்று திருப்பிக் கேட்டால், மனப்பாடம் செய்த பிள்ளை திகைக்கும்; செய்தியை விளங்கிக்கொண்ட பிள்ளை தயங்காது.

விளங்குதல் என்பது என்ன என்பதற்குச் சைவ சித்தாந்தம் அளவையியலில் விடை தேடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் முகப்பிலேயே அளவையை வைத்தார். கடவுளைப் பற்றிப் பேசுமுன், எதை வைத்து ஒன்றை உண்மை என்கிறோம் என்று கேட்டுக்கொள்ளும் நேர்மை அது. பல அளவைகளைச் சொல்லி, அவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். கருதல் என்பது அனுமானம். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே தீ உண்டு. அடுக்களையில் புகையும் தீயும் சேர்ந்திருப்பது அன்வயம். நீரில் தீ இல்லாததால் புகையும் இல்லாமை வெதிரேகம். அடுக்களைகளை ஆயிரம் தடவை பார்த்ததால் மட்டும் அனுமானம் நிற்பதில்லை. தீ இல்லாத இடத்தில் புகை இல்லை என்ற மறுபக்கமும் உறுதிப்பட வேண்டும்.

நரம்பு வலையமைப்பின் பலவீனம் சரியாக இந்த இடத்தில் இருக்கிறது. நிமோனியாவை நெஞ்சு எக்ஸ்ரே படங்களில் கண்டறியப் பழக்கிய வலையமைப்புகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை வலையமைப்பால் படத்திலிருந்தே கண்டுகொள்ள முடிந்தது. ஒரு மருத்துவமனையில் நோயாளர் விகிதம் கூடுதல். ஆகவே இடத்தின் அடையாளமே நோயின் அடையாளமாகிவிடும் வாய்ப்பு இருந்தது. வேறு மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது பல ஒப்பீடுகளில் திறன் குறைந்தது. இப்படி மறைந்து நின்று முடிவைப் பிழையாக்கும் நிபந்தனையை நியாய நூலார் உபாதி என்பர். தீ உள்ள இடமெல்லாம் புகை இருக்கும் என்று ஒருவர் சொன்னால், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி மறுப்பார்கள்: புகைக்குக் காரணம் ஈர விறகு, தீ மட்டும் அன்று. மணிமேகலையின் 29ஆம் காதை போலி ஏதுக்களை, அதாவது பழுதான காரணங்களை, பட்டியலிடுகையில், காண்பது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகையாகக் கொண்டு தீயைத் துணிவதையும் குற்றமாகச் சொல்கிறது. முடிவு தற்செயலாகச் சரியாக இருந்தாலும் ஏது பழுது என்றால் அது அனுமானம் ஆகாது. இன்றைய மாதிரிகளைச் சரியான விடைகளின் விழுக்காட்டால் மட்டும் மதிப்பிடுவோர் இந்தக் கண்டிப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரு வழிகளையும் இணைக்கும் முயற்சிகள் பலன் தருகின்றன. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஆல்ஃபாஜியோமெட்ரி என்ற நிரல், சர்வதேச கணித ஒலிம்பியாட்டின் 30 வடிவகணிதக் கணக்குகளில் 25ஐத் தீர்த்தது. எந்தப் புதிய கோட்டையோ புள்ளியையோ வரைந்தால் வழி திறக்கும் என்று வலையமைப்பு ஊகிக்கிறது. விதிகளால் இயங்கும் குறியீட்டுப் பொறி ஒவ்வொரு படியையும் நிறுவுகிறது. ஊகம் பழக்கத்திலிருந்து வரலாம். துணிவு ஏதுவிலிருந்து வரவேண்டும்.

இப்படி ஒரு பொறி நியாயம் பேசினால் ஆன்மா என்ற கொள்கை என்னாகும் என்பது சமயவாதியின் கவலை. சித்தாந்தத்தைப் பொறுத்தவரை இது வீண் அச்சம். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கு அந்தக்கரணங்களும் மாயையின் காரியம், சடம். மனம் பற்றுகிறது, சித்தம் சிந்திக்கிறது, அகங்காரம் முனைகிறது, புத்தி நிச்சயிக்கிறது. இவற்றில் எதுவும் தானாக அறிவதில்லை. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் ஆன்மாவையும் கரணங்களையும் அரசனும் அமைச்சரும் போல வைக்கிறார். ஆராய்ந்து நிச்சயிக்கும் வேலையைச் சடப்பொருள் செய்யும் என்பதைச் சித்தாந்தம் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. மண்ணிலிருந்து எடுத்த சிலிக்கனில் அந்த வேலை நடப்பது அதற்குப் புதுமையன்று.

ஆனால் ஓர் இடத்தில் கொள்கை தன்னைச் சோதித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஐம்பொறிகளும் தத்தம் புலனை மட்டுமே அறிய, ஐந்தையும் அறிவது ஒன்று உண்டு. ஆகவே உயிர் உண்டு என்பது சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் காட்டும் ஏதுக்களில் ஒன்று. படத்தையும் ஒலியையும் எழுத்தையும் ஒரே எண்வரிசைக்குள் சேர்க்கும் வலையமைப்பு, சேர்ப்பதற்கு உயிர் வேண்டியதில்லை என்று காட்டிவிட்டது. அந்த ஏதுவைத் தனியே வைத்து உயிரை நிறுவுவது இன்று கடினம். சூத்திரத்தின் மற்ற ஏதுக்கள் அசையவில்லை. எனது உடல் என்று உடலை உடைமையாகக் கூறும் ஒன்று உண்டு என்பதற்கும், உணர்த்த உணர்வது ஒன்று உண்டு என்பதற்கும் எண்வரிசை பதிலாகாது. எண்களைச் சேர்ப்பது வேறு, சேர்ந்ததை அறிவது வேறு.

எஞ்சுவது உரையளவை. குற்றமற்று அறிந்தவன் சொல் என்பதால்தான் ஆகமம் அளவையாகிறது. சொல்பவனுக்கு அறிவு இல்லையேல் சொல்லுக்கு அந்தத் தகுதி கிடையாது. வெள்ளவத்தையில் பிள்ளைகள் கைபேசியில் சமய ஐயங்களைக் கேட்டு, திருத்தமான தமிழில் விடை பெறுவது இனி வழக்கமாகிவிடும். அந்த விடையை உரையளவையாக ஏற்க இடமில்லை. கருதல் என்ற அளவில் மட்டுமே அதை எடுத்துக்கொள்ளலாம். அதுவும், இதற்கு ஏது என்ன, இது பொய்யாகும் இடம் எது என்று கேட்டுச் சோதித்த பிறகே.