தலையெழுத்தும் மருத்துவர் கணக்கும்

எண்பது வயது மூதாட்டிக்கு மூளையில் குருதிநாளம் வெடித்தால், "எல்லாம் தலையெழுத்து" என்று கைவிடுவோர் நம்மில் பலர். கற்றோரும் இதற்கு விலக்கல்லர். 2001-இல் அமெரிக்க மருத்துவர் வகுத்த கணக்கொன்று, 80 வயது நிறைந்தோர்க்கு அவ்வயதின் பொருட்டே ஆபத்துப் புள்ளி ஒன்றைக் கூட்டுகிறது. இந்நோய் கண்டோருள் பத்தில் நால்வரளவு ஒரு மாதத்திற்குள் இறப்பதும் மெய்யே. ஆனால், பிழைக்கமாட்டாரென்று சிகிச்சையை நிறுத்திவிட்டால் நோயாளி இறவாமல் என் செய்வார்? இறந்தபின் "சொன்னது பலித்தது" என்பர். இது சோதிடன் சூதன்றோ? ஆதலின், 2022-இல் வெளியான அமெரிக்க நெறிமுறை, முன்னரே விருப்பம் எழுதிவையாதோர் திறத்தில் குறைந்தது இரண்டாம் முழுநாள்வரை அம்முடிவைத் தள்ளிவைத்தல் தகுமென்கிறது. நினைவற்றுக் கிடத்தல் வேண்டாமென்று கிழவியே முன்னர்ச் சொல்லியிருப்பின், அதற்குப் பணிதல் வேறு. செலவஞ்சிய மகன் அவள் வாயாய்ப் பேசுதல் வேறு. அவளிடம் எவரும் கேட்பதில்லை.