சிறைக்கண் இறப்பாரும் அவரைப் பேணுவாரும்

கடலூர்க் கேப்பர் மலையின்கண் மத்தியச் சிறைச்சாலை ஒன்றுளது. அதற்கு அணித்தாயுள்ள திருப்பாதிரிப்புலியூர், கல்லொடு பிணித்துக் கடலில் வீழ்த்தப்பட்ட திருநாவுக்கரசு சுவாமிகள் கரையேறியருளிய தலமாம். நீற்றறையில் ஏழுநாள் அடைபட்டிருந்தவரும் அவரே. ஆதலின், சிறைப்பட்டாரைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு அயலதன்று.

நெடுந்தண்டம் பெற்றார் சிறைக்கண்ணே மூத்து இறத்தல் இக்காலத்துப் பலநாட்டினும் நிகழ்வது. அமெரிக்காவிற் கலிபோர்னியா மாகாணத்து வாக்கவில் சிறையில் 1993-லும், லூசியானா மாகாணத்து அங்கோலாச் சிறையில் 1998-லும் இறுதிநிலை நோயாளர்க்குத் தனி விடுதிகள் தொடங்கப்பெற்றன. ஆங்குச் சிறைவாசிகளே பயிற்சி பெற்று, உடன்சிறைப்பட்டார்க்கு உணவூட்டல், உடல் துடைத்தல், உயிர் பிரியுங்கால் தனித்திராவண்ணம் உடனிருத்தல் முதலிய பணிகளைச் செய்கின்றனர்.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். நோயுந் தண்டமும் முன்னை வினைப்பயனாகலின் அவற்றை நுகர்ந்தே கழித்தல் வேண்டும். இடைபுகுந்து தணித்தல் வினையைத் தடுத்தலாகாதோ எனின், ஆகாது. என்னை? இறைவன் ஒறுத்தலும், பெற்றோர் புதல்வரை ஒறுத்தல்போல அருளேயெனச் சிவஞான சித்தியார் தெரிக்கும். ஆகவே, ஒறுப்பின் பயன் திருத்தமேயன்றி வருத்தமன்று. சூலைநோய் தந்து ஆட்கொண்டவன் இறைவனே, எனினும், அந்நோயால் நலிந்து திருவதிகைக்கு வந்த தம்பியாரைத் திலகவதியார் வினையென்று விலக்கினாரல்லர், திருநீறளித்து ஏற்றுக்கொண்டார். வருந்துவார் பெறும் உதவியும் அவர்தம் வினைப்பயனுள் அடங்கும். உதவ வல்லார் உதவாதொழியின், அஃது அவர்க்கே ஆகாமியமாம்.

கொலைசெய்த கை பணிவிடைக்குத் தகுமோ என்பது மற்றோர் ஐயம். உயிர் மலத்தால் மறைப்புண்டதேயன்றி மலமே உயிரன்று. சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. முன்பு பகையையும் சினத்தையும் சார்ந்திருந்தவன், இறப்பானொருவன் அருகிருந்து அவன் வாயில் நீர் வார்க்குங்கால் இரக்கத்தைச் சார்கின்றான். தில்லைக் கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியார், விறகு சுமந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்து முத்தியளித்தார் என்னும் வரலாறு, உலகார் வகுத்த தகுதி அருளுக்கு எல்லையன்று என்பதைக் காட்டும்.

எனினும் ஒரு வரையறை இன்றியமையாதது. அதிகாரியின் வன்கட்டளையாற் செய்வது ஏவற்பணி. இசைந்து செய்வதே அறம். ஆதலின், பயிற்சி விரும்பினார்க்கே உரியது. அதனைக் காட்டி மருத்துவர் தங்கடமையினின்று நீங்குதலும், இறக்குந் தறுவாயினரைச் சுற்றத்தாரிடம் விடுக்கும் வாயிலை அடைத்தலும் தகா. விடுத்தற்கு இயலுமிடத்து விடுத்தலே முதற்கருணை. இயலாவிடத்துப் பேணுதல் அதனையடுத்தது.

சிறைக்குச் சென்று போதிக்கும் மடாலயத்து அன்பர்கள், திருவைந்தெழுத்தினோடு நோயாளரைப் பேணும் முறையையும் மருத்துவர் துணைகொண்டு கற்பிப்பாராயின், கரையேற்றுதல் என்னுஞ் சொல் அச்சிறையினும் பொருளுடையதாகும்.

சிவம்.