நீங்க ஒத்துக்கிட்டீங்களாமே

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து பத்து நாள் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ் காலில் இருந்தேன். சமையலறையில் தடாலென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் அடுப்புக்கு நேர் மேலே தளத்தின் காரை ஒரு முழத்துக்குப் பெயர்ந்து விழுந்து கிடக்கிறது. உள்ளே கம்பி, துரு ஏறி, விரலால் சுரண்டினால் உதிர்கிற பதத்தில். சாயங்காலம் அதே இடத்தில் நின்றுதான் என் மகளுக்குப் பால் காய்ச்சினேன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. மொத்தம் ஆறு போர்ஷன். மாடியில் நாங்களும் இன்னொரு குடும்பமும். கீழே நாலு போர்ஷனிலும் பையன்கள், போர்ஷனுக்கு நாலு பேர். எல்லாருக்கும் ஒரகடம் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. ஒருத்தன் தூங்க வரும்போது இன்னொருத்தன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவான். வாசலில் செருப்புகள் குறைந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரம்மா நல்லவர். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. மறுநாளே மேஸ்திரியைக் கூட்டி வந்தார். தளத்தைக் கொத்தி, கம்பிக்குத் துரு எடுத்து, புதுப் பூச்சு பூசி, மொட்டை மாடிக்கு ஒழுகாமல் இருக்க ஏதோ ரசாயனமும் அடித்தார்கள். மூன்று வாரம். எல்லாம் முடிந்த பிறகு மாடிக்கு ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஒண்ணு நாப்பது ஆயிடுச்சு. தையிலேர்ந்து எல்லாரும் ஆயிரம் சேத்துக் குடுத்தா பரவால்ல."

"சரிம்மா, பாத்துக்கலாம்" என்றேன். அவர் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. எனக்கு ஆயிரம் ரூபாய் என்பது மாசத்தில் இரண்டு தடவை வெளியே சாப்பிடுகிற காசு. பெருந்தன்மையாக நடந்துகொண்ட சுகத்தோடு லேப்டாப்புக்குத் திரும்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்துக் கீழ்வீட்டுப் பையன் ஒருத்தன் படிக்கட்டில் நிறுத்தினான். தென்காசிப் பக்கம். "அண்ணே, நீங்க ஒத்துக்கிட்டீங்களாமே?"

அவன் குரலில் கோபம் எதுவும் இல்லை. சும்மா உறுதிப்படுத்திக்கொள்கிற மாதிரிதான் கேட்டான். அவர்கள் தயங்கியபோது வீட்டுக்காரம்மா சொன்ன பதில் அதுதான்: "மேல இருக்கற சாரே ஒத்துக்கிட்டாரு."

எங்கள் தொழிலில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சண்டை வரும்: இது பக் ஃபிக்ஸா, சேஞ்ச் ரிக்வெஸ்ட்டா? வாக்குக் கொடுத்தது வேலை செய்யவில்லை என்றால் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். புதிதாக ஒன்று கேட்டால் பில் போடலாம். இதே கோட்டைத்தான் வாடகைச் சட்டமும் போடுகிறது என்று அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷச் சட்டம், நகரத்து வாடகைகளை மனதில் வைத்து எழுதியது. அதன் 9ஆவது பிரிவு சொல்வது இது: கட்டடத்தில் மேம்பாடோ கூடுதல் கட்டுமானமோ செய்தால் வாடகையை ஏற்றலாம், எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே இரண்டு பேரும் பேசி ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமான பழுதுபார்ப்பு இதில் சேராது. எது யார் தலையில் என்று பட்டியலே இருக்கிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப் வாஷர், ஸ்விட்ச், பூட்டு குடியிருப்பவர் பொறுப்பு.

இது புது ஞானமும் இல்லை. பழைய 1960 சட்டத்திலேயே, நியாய வாடகை நிர்ணயமான வீட்டில் ஆள் குடியிருந்தால், அவர் கேட்டுச் செய்துகொடுத்த மேம்பாட்டுக்குத்தான் வாடகையைக் கூட்ட முடியும். தலையில் காரை விழாத சமையலறை என்பது நான் முதல் மாச வாடகையிலேயே வாங்கிவிட்ட பொருள். அதையே இன்னொரு தடவை எனக்கு விற்க முடியாது.

பெர்லினில் இருக்கும் என் பழைய டீம்மேட்டிடம் இதைச் சொன்னேன். அங்கே பழுதுபார்த்த செலவை வாடகையில் ஏற்றவே முடியாது. நவீனப்படுத்தினால் மட்டும், செலவில் 8 சதவீதத்தை வருஷ வாடகையில் சேர்க்கலாம். 2019க்கு முன்னால் 11 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணே நாற்பது லட்சமும் மேம்பாடு என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு போர்ஷனுக்கு மாசம் 155 ரூபாய் வரும். நாங்கள் கொடுப்பது ஆயிரம். ஆறு போர்ஷன் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் முழுத் தொகையும் அடைந்துவிடும். அப்புறமும் அந்த ஆயிரம் போகாது. வாடகையில் ஏறினது இறங்கி யாராவது பார்த்திருக்கிறீர்களா? (ஜெர்மனியிலும் இறங்காதாம். பன்னிரண்டரை வருஷத்தில் செலவு கைக்கு வந்துவிடும், வாடகை அப்படியே நிற்கும்.)

வீட்டுக்காரம்மா பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மும்பையில் வாடகைகளை 1940களின் அளவிலேயே கட்டிப் போட்டார்கள். அந்தக் காசில் ஒரு ஜன்னல்கூட மாற்ற முடியாது என்று உரிமையாளர்கள் கைவிட, கட்டடங்கள் இடிந்து விழுந்தன. கடைசியில் பழுதுபார்க்கவென்றே 1969இல் தனிச் சட்டமும் வாரியமும் கொண்டுவந்து வரி வசூலிக்க வேண்டியிருந்தது. வாடகை நியாயமாக இல்லாத இடத்தில் பழுதுபார்ப்பை மட்டும் கடமை என்று சொல்வது வெறும் பேச்சு. ஆனால் எங்கள் தெருவில் வாடகை எதுவும் உறைந்து கிடக்கவில்லை. புதுக் கம்பெனி வந்தாலே ஏறுகிறது.

என்னைத் தொந்தரவு செய்தது சட்டம் இல்லை, அந்த "சாரே" என்ற வார்த்தை. சட்டம் இரண்டு பேருடைய சம்மதத்தை நம்பி நிற்கிறது. என்னுடையதும் சம்மதம்தான், யாரும் மிரட்டவில்லை. ஆனால் ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிற நான், "பரவால்ல, போங்க" என்று ஒருவரை உள்ளே விட்டால், என் நேரத்தை மட்டுமா கொடுக்கிறேன்? பின்னால் நிற்கிற முப்பது பேருடைய நேரத்தையும் சேர்த்துத்தான். நன்றி மட்டும் எனக்கு வரும். என் இரக்கத்துக்கான செலவில் பெரும்பங்கு கீழே இருந்த பதினாறு பேருடையது, ஆளுக்கு 250 ரூபாய். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, சோறு மட்டும் வடித்து, குழம்பை மெஸ்ஸில் பார்சல் வாங்குகிறவர்களுக்கு அந்த 250 சின்னத் தொகை இல்லை.

அப்போ எனக்கு இரக்கப்பட உரிமையே இல்லையா? அவருக்குத் தனியாகக் கடனாகக் கொடுத்திருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு மட்டும் என்று எழுதிக் கேட்டிருக்கலாம். இதெல்லாம் தோன்றாமல் போனதற்குக் காரணம், அது என் வீட்டு விஷயம் மட்டும்தான் என்று நினைத்ததுதான்.

போய்ப் பேசினேன். பட்டியலைக் காட்டவில்லை. அறுபது வயசு அம்மாவிடம் செல்போனில் சட்டப்பிரிவை நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் சரிதானா என்று இன்றைக்கும் தெரியாது. "மழையில விழுந்தத சரி பண்ணதுக்கு வாடகை ஏத்தறது நியாயமில்லம்மா. கீழ இருக்கற பசங்களுக்காவது விட்டுடுங்க" என்றேன்.

"நீ குடுக்கறேன்னுதானப்பா சொன்ன?" என்றார். தம்பி காணாமல் போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஐந்நூறா வேணா குடுக்கச் சொல்லு. உனக்கு அதே ஆயிரம்தான்" என்றார்.

மூன்று போர்ஷன் பையன்கள் ஐந்நூறுக்குத் தங்கிவிட்டார்கள். தென்காசிக்காரன் இருந்த போர்ஷன் பங்குனியில் காலியானது. ஆப்பூர்ப் பக்கம் ஷீட் போட்ட அறை கிடைத்திருக்கிறதாம், கம்பெனிக்கும் கிட்டக்க என்றான். அட்வான்ஸில் சுண்ணாம்பு அடிக்கிற செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். வெள்ளையடிப்பு வீட்டுக்காரர் பட்டியலில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தபோது அவர்கள் ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தார்கள்.