கள்ளுண்ணாமையும் சார்பும்

அறிவு பெறுதற்கென்றே கல்விக்கழகம் புகும் இளைஞன், அவ்வறிவை இழத்தற்கு விலை கொடுப்பானாயின், அதனினும் பேதைமை பிறிதில்லை. திருவள்ளுவரும் திருமூலரும் கள்ளுண்ணாமையைத் தனித்தலைப்பிட்டுக் கூறினர். ஆதலின், அது விலக்கத்தக்கதோ என்னும் ஐயத்திற்கு ஈண்டு இடமில்லை. அதனின்று மாணவரை மீட்கும் நெறி யாது என்பதே ஆராயத்தக்கது.

சட்டத்தால் மீட்கலாம் என்பர் ஒருசாரார். சேலம் மாவட்டத்தில் 1937-லும், சென்னை மாகாணம் முழுவதும் 1948-லும் மதுவிலக்கு நிலைநாட்டப்பெற்றது, 1971-ல் தளர்த்தப்பெற்றது, 1974-ல் மீண்டும் வந்து, பின்னரும் நீங்கிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு வாணிபக் கழகத்தின் கையிலேயே உள்ளது. சட்டம் வேண்டற்பாலதே, ஆயினும் அது கடையை அடைக்குமேயன்றி விருப்பத்தை அடைக்கமாட்டாது.

குடிக்கும் மாணவனைப் பிறவியிலேயே தீயன் என இகழ்வாரும் உளர். தீங்கெல்லாம் கூட்டத்தினதே, அவன்பாற் குற்றமில்லை என்பாரும் உளர். இவ்விரண்டும் பொருந்தா. யாங்ஙனமெனின், ஆரணியிலும் அதனையடுத்த கண்ணமங்கலத்திலும் நெய்யப்படும் பட்டே இதற்குச் சான்றாகும். பட்டுப்புழு இழையை உமிழும்பொழுதே ஒருவகைப் பசையையும் உடன் உமிழ்கின்றது. நூலின் எடையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு அப்பசையே. அஃது இழையோடு உடன் தோன்றியதேனும் இழையின் இயல்பன்று. சோப்பும் சோடாவும் கலந்த நீரிற் காய்ச்சப் பசை கழன்று பட்டின் ஒளி வெளிப்படும். பின்னர்த் தோய்த்த சாயத்தின் நிறத்தை அது கொள்ளும். உயிரும் அத்தகையதே. அநாதியே மலத்தொடு கூடியதேனும் உயிர் மலமாகாது. சார்ந்ததன் வண்ணமாதல் அதற்கு இயல்பு. ஆதலின் இகழவேண்டுவது மாணவனையன்று, அவனைப் பற்றிய மயக்கத்தையே.

அற்றேல், சார்பே காரணமாயின் அவன் வினைக்கு அவன் பொறுப்பாகான் எனின், அற்றன்று. நூல் தானே சாயத்தொட்டியைத் தேர்வதில்லை. உயிரோ இச்சை, அறிவு, செயல் என்பனவற்றை உடையது. எதனைச் சார்வது எனத் தேர்தல் அவன் கடனே. அத்தேர்வுக்கு அறிவு விளக்கமாதலே பிறர் செய்யக்கூடிய துணை.

இத்துணை பயன் தருமென்பதற்குப் பிறநாட்டு ஆராய்ச்சியும் சான்று. தம் தோழர் உண்மையிற் குடிப்பதினும் மிகுதியாகக் குடிப்பதாக மாணவர் கருதிக்கொள்கின்றனர் என்பதை அமெரிக்கரான பெர்க்கின்சும் பெர்க்கோவிட்சும் 1986-ல் எடுத்துக்காட்டினர். “எல்லாரும் குடிக்கின்றனர்” என்னும் பொய்யுணர்வே பலரை ஈர்க்கின்றது. மிகக் குடிக்கும் மாணவரைத் தனித்தனியே இருத்தி, பழியாது, அவரவர் குடியின் அளவையும் கேட்டையும் அவர்க்கே எடுத்துக்காட்டியபோது, இரண்டாண்டு கழித்தும் கேடு குறைந்திருந்ததை வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மார்லட் குழுவினர் 1998-ல் வெளியிட்டனர். நாடோறும் மிகக் குடித்துப் பழகியவனோ, சடுதியில் நிறுத்தின் வலிப்பும் சித்தக்கலக்கமும் உறுதல் கூடும். அவனை மருத்துவரிடம் சேர்ப்பித்தல் இன்றியமையாதது.

பசை நீக்கிய நூல் சாயமின்றிக் கிடப்பின் சேலைக்கு நிறம் வாராது. அவ்வாறே, கள்ளை விடுத்தவனுக்கு வேறு நற்சார்பு வேண்டும். விளையாட்டு, நூற்பயிற்சி, திருக்கோயிற்றொண்டு, அடியார் கூட்டம் ஆகியவற்றுள் அவன் உள்ளம் பற்றுவதொன்றில் அவனை உடனழைத்துச் செல்லுதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் தோழர்க்கும் கடனாம். கடிந்து விலக்குவாரினும் கைகொடுத்துச் சேர்ப்பாரே அவனுக்கு உற்ற துணைவர் என்க.