விடுதி அறையும் அமானிதமும்

நம் பிள்ளைகள் ஊர் விட்டு ஊர் சென்று பயில்வது புதிய வழக்கமன்று. அரபுக் கல்லூரிக்கு ஓதச் சென்ற மாணவன் அன்று தகரப் பெட்டியும் பாயுமாகப் புறப்பட்டான். இன்று கலைக் கல்லூரிக்கோ பொறியியற் கல்லூரிக்கோ செல்லும் பிள்ளை மடிக்கணினியும் கைப்பேசியுமாகப் புறப்படுகிறது. பெட்டியின் மதிப்பு ஏறியிருக்கிறது. பெட்டியைப் பற்றிய கேள்வி மட்டும் மாறவில்லை. விடுதி அறையில் வைத்த பொருள் காணாமற்போனால் அதற்குப் பொறுப்பாளி யார்?

பல விடுதிகளின் வாயிலில் இதற்கு விடை எழுதியே தொங்கவிடப்பட்டிருக்கிறது: "மாணவர்களின் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." சேர்க்கைப் படிவத்திலும் அதே வாசகம் காணப்படுகிறது. தந்தையார் அதன் கீழ்க் கையொப்பமிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். அத்துடன் கேள்வி முடிந்துவிட்டதா? ஒரு பலகை ஒரு பொறுப்பைத் துடைத்துவிட வல்லதா? இதனைச் சற்றே ஆராய்வோம்.

பிக்ஹு நூல்களில் 'வதீஅத்' என்றொரு தனிப் பாடம் உண்டு. தம் பொருளைக் காக்கும்படி ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைப்பதே வதீஅத். ஏற்றவரின் கை அமானிதக் கை. அவருடைய கவனக்குறைவோ வரம்புமீறலோ இன்றிப் பொருள் அழிந்துபட்டால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. இது நியாயமே. நன்மை செய்ய முன்வந்தவரை நட்டத்தில் தள்ளினால், பிறகு அயலார் பொருளைக் காக்க எவர் முன்வருவார்? ஆயின், கவனக்குறைவு எதுவென்பதையும் அந்நூல்களே அளந்து கூறுகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குத் தக்க காவலிடம் ஒன்றுண்டு. அதனை 'ஹிர்ஸ்' என்பர். ஆட்டுக்குத் தொழுவம் காவலிடம். பொற்காசுக்குத் தொழுவம் காவலிடமாகாது. தக்க காவலிடத்தில் வையாதவர் இழப்புக்கு ஈடு செய்தே தீரவேண்டும்.

உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை, ஹனஃபி மத்ஹபைத் தழுவித் தொகுக்கப்பெற்ற 'மஜல்லா' எனும் சட்டத் தொகுப்பு இப்பாடத்தை அன்றாட வாழ்விலிருந்தே விளக்குகிறது. சத்திரத்துக்கு வந்த வழிப்போக்கர், "என் பிராணியை எங்கே கட்டுவது?" என்று கேட்கிறார். சத்திரக்காரர் ஓரிடத்தைக் காட்டுகிறார். வழிப்போக்கர் அங்கே கட்டுகிறார். வேறு பேச்சு வார்த்தை ஏதுமில்லை. எனினும் ஒப்படைப்பு அங்கே நிறைவேறிவிட்டது என்கிறது மஜல்லா. இன்னொன்றும் சொல்கிறது: காவலுக்குக் கூலி பெற்றவர், தவிர்த்திருக்கக்கூடிய காரணத்தால் பொருள் தொலைந்தால், ஈடு கொடுக்க வேண்டும். கூலியின்றிக் காப்பவருக்கு உள்ள சலுகை அவருக்கு இல்லை.

நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் இவ்வழியையொட்டியே செல்கிறது. பிறர் பொருளைப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள மனிதர் அத்தகைய தம் சொந்தப் பொருளைப் பேணும் அளவுக்கு அதனைப் பேண வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அவ்வாறு பேணியவர், தனி ஒப்பந்தம் இல்லையேல், இழப்புக்குப் பொறுப்பாகார் என்கிறது 152ஆம் பிரிவு.

இனி விடுதிக்கு வருவோம். மாணவன் தன் பூட்டைத் தன் பெட்டிக்கு இட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். இங்கே பொருள் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது என்று சொல்லுதல் அரிது. ஒப்படைத்தல் என்பது கை மாறுவது. கை மாறாத பொருளுக்கு நிர்வாகத்தை முழுப் பொறுப்பாளி ஆக்குவது நீதியாகாது. திறந்த அறையில் கைப்பேசியைக் கட்டிலின்மேல் போட்டுவிட்டுக் குளிக்கச் சென்ற பிள்ளைக்காக விடுதிக் காப்பாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நாம் ஒப்புவதற்கில்லை.

ஆனால் அறையின் கதவு யாருடையது? உடைந்த தாழ்ப்பாள் யாருடையது? சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் யார் வசம் உள்ளன? மாற்றுச்சாவி யாருடைய மேசையில் கிடக்கிறது? இவையெல்லாம் நிர்வாகத்தின் கையில் உள்ளவை. இவற்றுக்காகவே விடுதிக் கட்டணமும் பெறப்படுகிறது. தாழ்ப்பாளைச் சீர்செய்யும்படி எழுதிக் கொடுத்து ஒரு மாதம் கடந்த பின் அவ்வறையில் திருட்டு நேர்ந்தால், வாயிற்பலகையைச் சுட்டிக்காட்டுவது விடையாகுமா? விடுமுறையில் அறைகளைக் காலி செய்யச் சொல்லிப் பெட்டிகளை ஒரே கூடத்தில் வாங்கி அடுக்கும்போதும், இரவில் கைப்பேசிகளைக் காப்பாளர் சேகரித்து வைக்கும்போதும், பொருள் ஐயத்துக்கு இடமின்றிக் கை மாறிவிடுகிறது. அப்போது அது வதீஅத்தேயாகும். பலகை அங்கே வாய் மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்மைக்காலத்து நீதிமன்றங்களும் இத்திசையையே காட்டுகின்றன. 1998 ஆகஸ்டு முதல் நாளன்று, டில்லியில் ஓர் உணவு விடுதியின் பணியாளரிடம் நிறுத்தி வைப்பதற்காக ஒப்படைக்கப்பட்ட கார் திருடு போயிற்று. "உரிமையாளரின் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை விடுதியார் காட்டினர். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தக்க கவனம் செலுத்தியதை முதலில் காட்டாமல் அச்சிட்ட வாசகத்தின் பின்னே ஒளிய முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 2021 பிப்ரவரியில் வங்கிப் பாதுகாப்புப் பெட்டகங்களைப் பற்றிய வழக்கிலும், பெட்டகத்துள் என்ன இருக்கிறதென்று தெரியாது என்பதால் வங்கி கைகழுவிவிட முடியாது என்று அந்நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதிகளைத் திருத்தியது. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறை. இவை கல்லூரி விடுதிகளைப் பற்றிய தீர்ப்புகளல்ல. ஆயினும் இவற்றின் அடியில் ஓடும் நியாயம் ஒன்றே: எவர் கையில் எவ்வளவு அதிகாரம் உள்ளதோ, அவர் தலையில் அவ்வளவு பொறுப்பும் உண்டு.

இதில் ஒரு முரணையும் நாம் காண்கிறோம். மாணவனின் பெட்டிக்குப் பொறுப்பல்ல என்று கூறிய சில நிறுவனங்கள், அவனது அசல் சான்றிதழ்களை மட்டும் இரும்பு அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்தன. கட்டணப் பாக்கிக்கு அவற்றைப் பிணையாக்கின. அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைத்தலாகாது என்று 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவிக்க வேண்டியதாயிற்று. காக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் காக்கத் தெரியாதவர்கள் அல்லர் என்பது இதனால் விளங்குகிறது அன்றோ?

இதுவரை பொருளைப் பற்றிப் பேசினோம். பொருள் தொலைந்த பின் நடப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும்; நம் கவலையெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஓர் அறையில் கைப்பேசி காணவில்லை என்றதும் கண்கள் எங்கே திரும்புகின்றன? உதவித்தொகையில் பயிலும் ஏழைப் பிள்ளையின் பெட்டியை நோக்கித் திரும்புகின்றன. கூட்டிப் பெருக்க வரும் அம்மாளின் மடியை நோக்கித் திரும்புகின்றன. பலர் பார்க்க ஒரு பெட்டி கவிழ்க்கப்படுகிறது. பொருள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அது உடையவனின் படுக்கைக்கு அடியிலேயே கிடைக்கவும் கூடும். கைப்பேசியை மீண்டும் வாங்கலாம். முதலாண்டிலேயே திருடன் என்று பெயர் பெற்ற பிள்ளை அப்பெயரை எந்தக் கடையில் மாற்றிக்கொள்வான்? இறுதி ஹஜ்ஜில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உயிரையும் உடைமையையும் மட்டுமா புனிதமென்றார்கள்? மானத்தையும் அவற்றோடு சேர்த்தன்றோ புனிதமென்றார்கள்! சான்று கொணர்தல் வழக்கிடுபவரின் கடன் என்பதும் அவர்கள் வகுத்த நெறியே. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது திருமறையின் தீர்ப்பு. அவ்வாறிருக்க, திருடன் அகப்படவில்லை என்பதற்காக அந்த வரிசையில் உள்ள அனைவருக்கும் தண்டம் விதிப்பது எங்ஙனம் நீதியாகும்? ஏழை மாணவனின் மானமும் விடுதிக்குள் வந்த ஓர் உடைமையே. அதனைப் பாதுகாக்கும் பொறுப்பிலிருந்து எந்தப் பலகையும் நிர்வாகத்தை விடுவிக்காது.

மாணவருக்கும் கடமை உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகளார் கற்பித்ததை அறியாதார் இலர். கட்டாமல் விட்டு, பிறர்மீது பொறுப்புச் சாட்டுவது நம் வழக்கமாகிவிடக் கூடாது. அறைத்தோழர்களுக்கும் மஜல்லா ஒரு பாடம் வைத்திருக்கிறது. சிலர் முன்னிலையில் ஒருவர் பொருளை வைத்துச் செல்ல, அவர்கள் கண்டும் வாளாவிருந்து, பின் ஒவ்வொருவராக எழுந்து சென்றால், கடைசியாக எஞ்சியிருப்பவர் மீதே காவல் கடமை விழுகிறது. அறையை விட்டுக் கடைசியாக வெளியேறும் பிள்ளை கதவைப் பூட்டுவது வெறும் நல்ல பழக்கமன்று, கடமை என்பது இதனால் தெளிவாகும்.

பெற்றோருக்கு இரு சொல். தங்கச் சங்கிலியையும் கைநிறையப் பணத்தையும் கொடுத்து விடுதிக்கு அனுப்பாதீர்கள். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணை வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பொருள் களவு போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' ஏற்பாட்டின் வழியாக அந்த எண்ணை முடக்கலாம். அயலான் பெட்டியைக் கவிழ்ப்பதைவிட இது நேரிய வழி.

நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவதும் பெரிதன்று. ஒவ்வொரு மாணவனுக்கும் பூட்டக்கூடிய ஓர் அலமாரி. மாற்றுச்சாவிக்கு ஒரு பதிவேடு. விடுமுறையில் பெட்டி வாங்கும்போது ஒரு ரசீது. பொருள் தொலைந்தால் தனிமையில் விசாரிக்கும் பக்குவம். இவற்றால் கட்டணம் சிறிது கூடலாம். பெற்றோர் அதனை மனமுவந்து தருவர். பிறகு வாயிற்பலகையையும் மாற்றி எழுதலாம். இன்னின்னவற்றுக்கு நாங்கள் பொறுப்பு, இன்னின்னவற்றுக்கு நீங்கள் பொறுப்பு என்று அது தெளிவாகச் சொல்லட்டும்.