தப்பி வந்த திங்கள்கள்

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கம். திருவாசகத்தில் போற்றித் திருஅகவலின் ஒரு பகுதியில் அவர் கருவின் பயணத்தை மாதம் மாதமாக எண்ணிக்கொண்டு போகிறார். திருநகர் வீட்டில் தம்பி மகள் மாசமாக இருக்கும் இந்த நாட்களில், விடியலில் அந்தப் பகுதியைத்தான் எடுத்து வாசிக்கிறேன்.

கரு எப்படி வளர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் எதிலிருந்து தப்பியது என்று சொல்கிறார்.

தொடக்கமே தாய் வயிற்றில் கிருமிகளோடு ஒரு போர். விந்தணுக்களைத்தான் அப்படிச் சொன்னார் என்று சிலர் பொருத்திக் காட்டுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம். கோடிக்கணக்கில் புறப்பட்டுச் சில நூறு மட்டுமே கருமுட்டைப் பக்கம் சேர்கின்றன என்பது நுண்நோக்கி வந்த பிறகு தெரிந்தது. ஓர் உடல் எடுத்து வருவது எத்தனை அரிது என்பது அவருக்கு அது இல்லாமலே தெரிந்திருந்தது.

முதல் மூன்று மாதங்களை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை. கருத்தரித்து ஏறக்குறைய 22ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28ஆம் நாளை ஒட்டி, மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதை ஒரு பெண் வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். எட்டு வாரத்தில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். அதற்குள் எல்லா உறுப்புகளுக்கும் கால்கோள் நடந்துவிடுகிறது.

நான்காம் மாதத்துக்கு அவர் இருளைச் சொல்கிறார். ஐந்தில் அசைவு தெரியும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிய காலம். வளையல் சத்தத்தைவிட அம்மாவின் குரல்தான் உள்ளே நன்றாகப் போய்ச் சேரும் என்று நினைக்கையில் மனம் நிறைகிறது.

ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று நம் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் வழுவழுப்பான பொருள் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகிறது. வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். எட்டாம் மாதத்தில் வலி கண்டால், பயந்து வீட்டிலேயே இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பத்து மாதக் கணக்கும் சரியாகவே வருகிறது. கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்து 280 நாள். 28 நாள் வீதம் பத்து.

தாயின் துயரம் அகவலில் வருவது அந்தப் பத்தாம் மாதத்தில். அங்கே தாயும் பிள்ளையும் ஒரே துன்பக் கடலில் தத்தளிக்கிறார்கள். 2018–20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் போகும் கிராம சுகாதார செவிலியருக்கு இந்தக் குறைவில் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் 54 வீடுகள்.

தப்பி வந்த ஓர் உயிர் பாடியது அந்த அகவல். தப்பாத கருவுக்கு அங்கே இடமில்லை. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகக் கலைகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அவற்றில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியதால். யாரும் எதுவும் செய்து தடுத்திருக்க முடியாது.

தம்பி மகளுக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் குடம் தூக்கினாயா, பப்பாளி சாப்பிட்டாயா என்றுதான் விசாரித்தார்கள். அவள் கேள்வி இன்னும் ஓயவில்லை. "அத்தை, அன்னைக்கு நான் மாடி ஏறாம இருந்திருந்தா?"

"இல்லடா. மாடி ஏறினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ ஒண்ணும் பண்ணல."

நம்பிய மாதிரி தலையாட்டுகிறாள். அடுத்த வாரமும் கேட்பாள், சொல்வேன்.